தீவுக்குக் குடும்பத்தோடு போகும்போது ரேடியோ செட்டையும் எடுத்துப் போகலாமா?

2025 ஜனவரி 4: ஹெப்பால் வாசகரின் கேள்வி

ஏப்ரல் விடுமுறைக்கு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு மாலத்தீவு போகிறோம். ஐந்து இரவு. நான் ஹாம், அதாவது பொழுதுபோக்கு வானொலி, உரிமம் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது, செட்டைக் கொண்டுபோக ஆசை. என் மூத்த நண்பர் ஒருவர், அவரும் ஹாம்தான், "குடும்பத்தோடு போகிற இடத்துக்குச் செட்டைத் தூக்கிக்கொண்டு போகாதே, இரண்டும் கெடும்" என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 5

உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கொண்டு போங்கள்.

நாங்கள் போன வாரம்தான் திரும்பினோம். டிசம்பர் 22 முதல் 27 வரை மாஃபுஷி. நான், மனைவி, ஒன்பது வயது மகள், மாமியார். ரிசார்ட் இல்லை, ஊர்க்காரர்கள் வாழும் தீவில் ஒரு விருந்தினர் விடுதி. மாலேயிலிருந்து விசைப்படகில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் அடுக்ககத்தில் 7 மெகாஹெர்ட்ஸுக்குச் செட்டைத் திருப்பினால், வரும் சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் 7-க்குக் கீழே இறங்காது. எல்இடி விளக்கு, லிஃப்ட், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், யாருடைய சார்ஜரோ. அந்த இரைச்சலுக்கு அடியில் உலகம் பேசிக்கொண்டிருக்கிறது, நமக்குக் கேட்காது. மாஃபுஷி கடற்கரையில் அதே செட், அதே பேண்ட், மீட்டர் ஒன்றைத் தாண்டவில்லை. ஆன்டெனா இணைப்பு விட்டுப்போச்சோ என்று கழற்றி மாட்டினேன். அடுத்த நிமிடம் ஒரு ஜப்பான் நிலையம் பக்கத்து அறையில் பேசுவதுபோல வந்தது. இந்த அனுபவத்துக்காகவே போகலாம்.

அனுமதிதான் முதல் வேலை. நம் இந்திய உரிமம் அங்கே தானாகச் செல்லாது. அந்த நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு நம் உரிமத்தின் நகல், பாஸ்போர்ட் நகல், செட்டின் விவரம் அனுப்பி, 8க்யூ7 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்க வேண்டும். நான் எட்டு வாரம் முன்னதாகவே எழுதினேன். அந்தக் கடிதத்தைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தார்கள், தாளைப் பார்த்ததும் மூடிவிட்டார்கள். போகும்போது இங்கேயே சுங்கத்தில் செட்டைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது "இது புதிதாக வாங்கியதா" என்ற கேள்வி எழாது.

நேரம்: காலை ஐந்தரைக்கு எழுந்து, எல்லோரும் தூங்கும்போதே எட்டு மணி வரை பேசிவிடுங்கள். யாருக்கும் தொந்தரவு இல்லை. பேட்டரி 160 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டு போகலாம்.

ஜனவரி 6

பேட்டரி பற்றி நேற்று எழுதியது சரியில்லை. யாரையும் கேட்காமல் கைப்பையில் கொண்டுபோகக்கூடியது 100 வாட்-மணி வரைதான். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். சரக்கோடு போகும் பெட்டியில் தனி லித்தியம் பேட்டரி வைக்கவே கூடாது.

நான் கொண்டுபோனது 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட். பெருக்கினால் 77 வாட்-மணி. அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி பேட்டரி மேல் ஒட்டியிருந்தேன். சோதனையில் நின்ற பெண் காவலர் அதைப் படித்துவிட்டு, "இது சாட்டிலைட் போனா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லி உரிமத்தைக் காட்டினேன். செட் 10 வாட் ஐகாம் 705. 100 வாட் செட்டுக்கு இந்தப் பேட்டரி போதாது, கடலோரத்தில் அந்த 100 வாட் தேவையும் இல்லை. ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 9

மூன்று நாள் ஆகிவிட்டது. ஆன்டெனா.

எஸ்.பி. ரோட்டில் கனெக்டர், செட்டையும் ஆன்டெனாவையும் இணைக்கும் மெல்லிய கோஆக்ஸ் கேபிள் எல்லாம் வாங்கினேன். தூணுக்குக் கண்ணாடியிழைத் தூண்டில் கம்பு, நீட்டினால் 7 மீட்டர், மடக்கினால் முக்கால் மீட்டர், பெட்டியில் குறுக்காக அடங்கும். அதில் மேலிருந்து கீழாக ஒரு கம்பி. 71.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் வரும்: 14-க்கு 5 மீட்டர், 21-க்கு 3.4, 28-க்கு 2.5. ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி வெட்டி, தலைக்கு வண்ண நாடா சுற்றிவிட்டேன். அடியில் அதே நீளத்துக்கு இரண்டு ரேடியல் கம்பிகள், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். அவ்வளவுதான்.

இதே ஆன்டெனாவைக் கட்டட மொட்டை மாடியில் நிறுத்தியபோது சுமாராக இருந்தது. கடலோரத்தில் நிறுத்தியதும் 10 வாட்டுக்கு இத்தாலி, போலந்து, ஜெர்மனி, ஒன்றன்பின் ஒன்றாக 59 ரிப்போர்ட், அதாவது தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்று. காரணம் உப்புத் தண்ணீர். கடல் நீரின் மின்கடத்தும் திறன் ஒரு மீட்டருக்கு 5 சீமன்ஸ் அளவு. சராசரி மண் 0.005. ஆயிரம் மடங்கு. செங்குத்து ஆன்டெனாவிலிருந்து அடிவானத்தை ஒட்டிப் போகும் அலையை மண் தின்றுவிடும், கடல் அப்படியே திருப்பி அனுப்பும். தூர தேசத்துக்குப் போவது அந்தத் தாழ்ந்த கோணத்து அலைதான். ஊரில் பெரிய கோபுரம் கட்டிப் பிடிக்கிற கோணத்தை இங்கே 5 மீட்டர் கம்பி கொடுத்துவிடுகிறது. அதோடு சூரியன் இப்போது 25-ஆம் கரும்புள்ளிச் சுழற்சியின் உச்சத்தில் இருக்கிறது, 28 மெகாஹெர்ட்ஸ் பகல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. ஏப்ரலிலும் நன்றாகவே இருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. முதல் நாள் நீர் வற்றியிருந்த நேரத்தில் ஆசைப்பட்டு அலைக்கு ரொம்பப் பக்கத்தில் நட்டேன். ஓதம் ஏறியதும் ரேடியல் நனைந்து, 1.3-இல் இருந்த எஸ்டபிள்யூஆர் (செட்டும் ஆன்டெனாவும் பொருந்தும் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 2-க்கு மேல் போனது. ஓதம் ஏறும் கோட்டைப் பார்த்துவிட்டு, அதற்கு ஓரிரு மீட்டர் மேலே நடுங்கள். இரண்டாவது, கம்பி கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகள் ஓடுவார்கள். அத்தை (என் மாமியார்) தன் பழைய ஆரஞ்சு துப்பட்டாவைக் கிழித்து ரேடியல் நெடுக முழத்துக்கு ஒன்றாகக் கட்டிவிட்டார். ஊர்ப் பிள்ளைகள் அதைச் சுற்றியே விளையாடினார்கள், ஒருவரும் தடுக்கி விழவில்லை.

ஜனவரி 10

அந்தமான் போனால் நம் வியூ2, வியூ3 அழைப்புக்குறியே போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. நாடு ஒன்றுதான், ஆனால் ஹாம் கணக்கில் அந்தமான் நிக்கோபார் வியூ4, லட்சத்தீவு வியூ7, இரண்டும் தனித்தனி. வானொலி உரிமம் தரும், டெல்லியில் உள்ள டபிள்யூபிசி-யிடம் தனியாக அனுமதி வாங்காமல் அங்கே செட்டைப் போடாதீர்கள். அதனால்தான் உள்நாட்டுத் தீவை விட்டுவிட்டு மாலத்தீவு போனேன். இது எனக்கு இன்னும் வருத்தம்தான். போர்ட் பிளேரில் தமிழ் பேசும் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன. அங்கிருந்து ஒரு நாளாவது பேச வேண்டும்.

ஜனவரி 12

கணினி வழியாகச் சிறு எழுத்துச் செய்தி அனுப்பும் எஃப்டி8 பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நல்ல முறைதான். 15 வினாடிக்கு ஒரு முறை மாறி மாறி அனுப்பும், காதுக்குக் கேட்காத அளவு மெலிந்த சிக்னலையும் கணினி படித்துவிடும். 2017-இல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கியது. டெய்லர் 1993-இல் இயற்பியல் நோபல் பெற்றவர்.

ஆனால் குடும்பத்தோடு போகும்போது குரலில் பேசுங்கள் என்பேன். திரையில் எழுத்து ஓடினால் உங்களுக்கு மட்டும்தான் புரியும். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். காது மாட்டியைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் விடுங்கள். என் மகள் இரண்டாம் நாளே நாட்டுப் பெயர்களை வரிசையாக நோட்டில் எழுத ஆரம்பித்தாள். 73 என்றால் வாழ்த்து, 88 என்றால் அன்பு முத்தம் என்று சொன்னதும், ராத்திரி தூங்கப் போகும்போது பாட்டிக்கு "எண்பத்தெட்டு" சொன்னாள். அத்தை, "எனக்கு அறுபத்தேழுதான்டி ஆவுது" என்றார்.

ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். இன்று மனைவி இந்த இழையை முழுக்கப் படித்தாள். ஜனவரி 5-இல் எழுதியதைத் திருத்தச் சொல்கிறாள். அவள் சொன்னது நியாயம்.

"காலைல அஞ்சரைக்கு எழுந்தா யாருக்கும் தொந்தரவு இல்லன்னு எழுதியிருக்கீங்க. பதினொரு மணிக்கெல்லாம் நாற்காலியில தூங்கிட்டீங்களே, அது யார் கணக்கு?"

உண்மைதான். எல்லோரும் தூங்கும்போது பேசினால், எல்லோரும் விழித்திருக்கும்போது நான் தூங்குகிறேன். மூன்று நாள் அப்படித்தான் போனது.

இன்னொன்றையும் எழுதச் சொன்னாள், அதை நானே எழுதியிருக்க வேண்டும். 24-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணி. 28 மெகாஹெர்ட்ஸில் ஐரோப்பா திறந்தது. ஒருமுறை சிக்யூ, அதாவது "யாராவது பேச வாருங்கள்" என்று, கூப்பிட்டேன், பத்துப் பதினைந்து நிலையங்கள் ஒரே நேரத்தில் என் மேல் விழுந்தன. அல்சூரிலிருந்து அழைக்கும்போது பத்தில் ஒருவர் பதில் சொன்னால் பெரிது. இங்கே நான்தான் அவர்களுக்கு வேண்டிய ஆள். 8க்யூ7, ஐயோட்டா பட்டியலில் ஏஎஸ்-013. அந்தத் தீவுப் பட்டியலை 1964-இல் தொடங்கியதிலிருந்து தீவு தீவாகச் சேர்ப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒருவரை முடித்து அடுத்தவரை எடுக்க அரை நிமிடம் ஆகவில்லை.

அப்போது மகள் ஈரத்தோடு ஓடி வந்தாள். முகமூடி மாட்டித் தண்ணீருக்குள் பார்த்தபோது ஆமை ஒன்று அவளுக்குக் கீழே நீந்திப் போயிருக்கிறது. வாழ்க்கையில் முதல் ஆமை. நான் வலது கையில் எழுதிக்கொண்டே இடது உள்ளங்கையைக் காட்டி, பொறு என்று நிறுத்தினேன். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். நாற்பது நிமிடம் கழித்து நான் கேட்டபோது, "ஆமை பார்த்தேன்பா, பெரிசு" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டாள். அம்மாவிடம் சொன்னது அரை மணி நேரக் கதை.

அன்றைய லாகில், பேசியவர்களைக் குறிக்கும் பதிவேட்டில், 71 தொடர்புகள். ஒன்றுகூட இப்போது ஞாபகம் இல்லை.

ஆக, உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. நேரத்தை முன்கூட்டியே வீட்டில் சொல்லிக் குறித்துவிடுங்கள். 25-ஆம் தேதி முதல் நான் வைத்துக்கொண்டது மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, ஒன்றரை மணி நேரம். எல்லோரும் கரைக்கு வந்து உட்காரும் நேரமும் அதுதான். சூரியன் மறையும் கோட்டில் 7, 10 மெகாஹெர்ட்ஸ் உயிர்பெறும் நேரமும் அதுதான். பலர் ஒரே நேரத்தில் கூப்பிடும் அந்தப் பகல் பைல்-அப்பை விட்டுவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். செட்டைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் தண்ணீருக்குப் போங்கள்.

ஜனவரி 19

அத்தை பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "பேரு போடாம எழுதுங்க மாப்பிள்ளை" என்றார்.

அவருக்கு ஊர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 அன்று வெளிப்பாளையத்தில் வீட்டில் இருந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தெருவில் தெரிந்தவர்கள் பலர் போய்விட்டார்கள். மனைவி அப்போது பெங்களூரில் கல்லூரி மாணவி. இரண்டு நாள் அம்மாவின் குரல் கேட்கவில்லை, எந்தத் தொலைபேசியும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை கடற்கரைக்குப் போனதே இல்லை. வேளாங்கண்ணிக்குப் போனாலும் மாதா கோயிலோடு திரும்பிவிடுவார்.

மாலத்தீவு டிக்கெட் போட்டபோது இதை நாங்கள் சரியாக யோசிக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளம் உள்ள தீவு. எங்கே நின்றாலும் கடல் தெரியும். தேதியும் அதே தேதி. முதல் மூன்று நாள் அத்தை விடுதியின் உள்முற்றத்தில்தான் இருந்தார். துப்பட்டாவைக் கிழித்துக் கொடுத்ததும் அங்கே உட்கார்ந்துதான். ரேடியல் நெடுக அவரே கட்டினார் என்று 9-ஆம் தேதி எழுதியிருக்கிறேன், அது பிசகு. கட்டியது மகள்.

25 இரவு சாப்பிடும்போது கேட்டார். "அந்தக் கம்பியில கரண்ட் இல்லாம, டவர் இல்லாம பேச முடியுமா?" முடியும் என்றேன். பேட்டரி, கம்பி, வானம், இது மூன்றும் போதும். அப்போதுதான் பாரதி பிரசாத் கதையைச் சொன்னேன். டெல்லியைச் சேர்ந்த ஹாம் அவர். 2004 டிசம்பரில் ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு போர்ட் பிளேருக்குப் போய், வியூ4ஆர்பிஐ என்ற குறியில் பேசிக்கொண்டிருந்தார். பல வருடங்களாக அந்தமானிலிருந்து யாரும் காற்றில் வராததால் உலகமே அந்தக் குறிக்குக் காத்திருந்தது. 26-ஆம் தேதி காலை நிலம் ஆடியது. அதன்பிறகு விருப்பத்துக்குப் பேசுவதை நிறுத்திவிட்டு, அதே செட்டுகளில் பேரிடர்ச் செய்திகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். குழுவில் சிலர் கார் நிக்கோபாருக்கே போய் நிலையம் போட்டார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அந்தத் தீவுகளிலிருந்து இப்படித்தான் பல குடும்பங்களுக்குப் போனது.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "இதுல நாகப்பட்டினம் கிடைக்குமா?" என்றார்.

26 மாலை. 20 மீட்டர் கம்பி ஒன்றைத் தூண்டில் கம்பின் உச்சியிலிருந்து ஒரு தென்னைக்குச் சாய்வாக இழுத்து, 7 மெகாஹெர்ட்ஸ். மாஃபுஷியிலிருந்து நம் தென்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு முன்பின். பொழுது சாய்ந்தால் அந்தத் தூரத்துக்கு இந்தப் பேண்ட் நன்றாக எடுக்கும். ஆறு மணி தாண்டியதும் அத்தை தானாகவே வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். நான் சிக்யூ கூப்பிட்டேன். இந்தோனேசியா ஒன்று, கேரளத்திலிருந்து இரண்டு. அப்புறம் ஒரு தமிழ்க்குரல். நாகப்பட்டினம் இல்லை, கும்பகோணம். பெயர், செட், ஆன்டெனா எல்லாம் பேசிவிட்டு, "இங்கே காலையிலிருந்து மழை தூறிக்கிட்டே இருக்கு, ஓவர்" என்றார்.

பின்னாலிருந்து அத்தை: "கும்பகோணத்துல தூறுதுன்னா நம்ம ஊர்லயும் தூறும்."

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எப்போது திருப்பினார் என்று தெரியாது.

ஜனவரி 20

"அத்தையையே ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாமே" என்று நான்கு பேர். எனக்கும் கை துறுதுறுத்தது. உரிமம் என் பெயரில். இரு நாடுகளும் ஒப்புக்கொள்ளாமல் மூன்றாம் ஆளின் செய்தியை நாடு கடந்து அனுப்பக் கூடாது, பேரிடர் நேரம் மட்டும் விலக்கு. நாம் விருந்தாளியாகப் போன நாடு கொடுத்த குறி அது. அத்தையிடம் சொன்னேன், "பேசக் கூடாது, கேட்கலாம்." அவர், "எனக்குக் கேட்டா போதும்" என்றார்.

ஆனால் கேட்பவருக்கும் இந்த உலகத்தில் இடம் இருக்கிறது. சிற்றலை கேட்போர் அறிக்கை அனுப்புவது நம் பொழுதுபோக்கைப் போலவே பழையது. தேதி, நேரம், அலைவரிசை, யார் யாரோடு பேசினார்கள், எப்படிக் கேட்டது. கும்பகோணத்துக்காரருக்கு அத்தை பெயரில் அப்படி ஓர் அட்டை எழுதி அனுப்பியிருக்கிறோம். "எப்படிக் கேட்டது" என்ற இடத்தில் அத்தை தன் கையாலேயே "தெளிவாக" என்று எழுதினார்.

ஜனவரி 21

அட்டை எழுதும்போது ஒரு தவறைக் கண்டுபிடித்தேன், நீங்களும் செய்யக்கூடும். லாகை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் எழுத வேண்டும். மாலத்தீவு நேரம் அதைவிட 5 மணி முன்னால், நமக்கு ஐந்தரை. போன் தானாக அந்த ஊர் நேரத்துக்கு மாறிவிட்டது, நான் பழக்கத்தில் ஐந்தரையைக் கழித்தே லாகில் எழுதியிருக்கிறேன். முதல் இரண்டு நாள் லாக் முழுக்க அரை மணி பிசகு. பதிவேற்றும் முன் திருத்திவிட்டேன். செட்டின் கடிகாரத்தை யுடிசி-யில் வைத்துவிட்டு அதை மட்டும் பாருங்கள்.

பிப்ரவரி 8

கோஆக்ஸை இன்று வெட்டிப் பார்த்தேன். கனெக்டருக்குள் இரண்டு அங்குலம் வரை பின்னல் பச்சையாகிவிட்டது. உப்புக் காற்று. தினமும் ராத்திரி நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் எல்லாவற்றையும் துடையுங்கள், கனெக்டர் மேல் நாடா சுற்றுங்கள். ஹெப்பால் நண்பரே, அனுமதிக்கு எழுதிவிட்டீர்களா? ஏப்ரலுக்கு இப்போதே எழுத வேண்டும்.

மார்ச் 2

கும்பகோணத்திலிருந்து பதில் அட்டை வந்தது. என் பெயருக்கு ஒன்று, அத்தை பெயருக்குத் தனியாக ஒன்று. அத்தையின் அட்டையில் மழை நின்ற நேரத்தையும் எழுதியிருக்கிறார்: அன்று இரவு எட்டரை. அத்தை அதை இரண்டு முறை படித்துவிட்டு, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி நாள். 1925-இல் பாரிஸில் சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் தொடங்கிய நாள், இந்த வருடம் நூறு ஆகிறது. ஹெப்பால் நண்பர் அந்த வாரம் தீவில் இருப்பதாக எழுதியிருக்கிறார். அன்று மாலை நம் நேரம் ஆறரை முதல் ஏழு வரை 7 மெகாஹெர்ட்ஸில் அல்சூரிலிருந்து தேடுவேன். இங்கே இரைச்சல் 7-இல் நிற்கும், அதனால் மெதுவாக, இரண்டிரண்டு முறை சொல்லுங்கள். அத்தையும் பக்கத்தில் இருப்பார்.